சார்ல்ஸ்டனில் ஒரு வீடு, ஒரு தோட்டம்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை வீட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று வீடு, இரண்டு தோட்டம், ஒரு படகுச் சவாரி என்று பட்டியல் வரும். அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம், சார்லட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் காரோட்டி வருகிறவர்களுக்கு ஊரில் கிடைப்பது ஒன்றரை நாள். அதற்குள் இத்தனையையும் அடைத்தால், மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது முதல் வீட்டின் சரவிளக்கு எது, இரண்டாவது வீட்டின் சாப்பாட்டு மேஜை எது என்று எல்லாம் கலந்துபோய்விடும். டிக்கெட்டுகளும் மலிவில்லை.

என் யோசனை இதுதான்: ஒரு வீடு, ஒரு தோட்டம், மிச்ச நேரமெல்லாம் நடை. எந்த வீடு, எந்தத் தோட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஊர் மேல் எனக்குத் தீராத பிரியம். அதன் பழைய வீடுகளையும் மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தோட்டங்களையும் பார்த்து அலுத்ததே இல்லை. ஆனால் இந்த அழகு முழுக்க அடிமைகளின் உழைப்பில் எழுந்தது. அதை ஒரு மூலையில் பலகை வைத்துச் சொல்லிவிட்டு நகரும் இடங்களும் உண்டு. வீட்டோடும் மண்ணோடும் சேர்த்தே காட்டும் இடங்களும் உண்டு. என் அளவுகோல் அதுதான். இந்தச் சுவரை எழுப்பியது யார், இந்த மண்ணைச் சுமந்தது யார் என்று அங்கே நின்றபடியே தெரிந்துகொள்ள முடிகிற இடத்துக்கே என் ஓட்டு.

டிக்கெட்டுக்கு முன்னால் தெரு

அஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டிருக்கும் நிலம்தான் பழைய சார்ல்ஸ்டன். ஆங்கிலேயர்கள் 1670இல் அஷ்லி ஆற்றின் மறுகரையில் குடியேறி, பத்து வருடத்தில் இந்தப் பக்கம் மாறி வந்தார்கள். நெல்லையும் அவுரியையும் கப்பலேற்றியே 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பணக்கார ஊர்களில் ஒன்றாக ஆனது. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இந்தத் துறைமுகத்தில்தான் இறக்கப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

முதலில் டிராட் தெருவிலோ சர்ச் தெருவிலோ மெதுவாக நடந்து பாருங்கள். வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதைச் 'சிங்கிள் ஹவுஸ்' என்பார்கள். ஓர் அறை அகலம்தான். நீளம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தெற்கு அல்லது மேற்குப் பக்கம் முழுக்க இரண்டு மூன்று மாடிக்கும் தூண் வைத்த நீண்ட தாழ்வாரம். உள்ளூரில் அதற்குப் பெயர் பியாஸா. தெருவைப் பார்த்திருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டீர்கள், அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் வீட்டார் விருந்தினரை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தமாம். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையைத்தான் அங்கே பியாஸா செய்தது: வெயிலைத் தடுத்தது, காற்றை உள்ளே விட்டது, வந்தவரை உட்கார வைத்தது.

பக்கத்து வீட்டின் வடக்குச் சுவரையும் கவனியுங்கள். அதில் ஜன்னல் குறைவாகவே இருக்கும், அல்லது சின்னதாக இருக்கும். அந்தச் சுவர் இந்த வீட்டுப் பியாஸாவைப் பார்த்திருக்கிறது, அதனால். நெருக்கமான ஊரில் அடுத்தவர் அந்தரங்கத்துக்குக் கொடுத்த மரியாதை அது. பியாஸாவுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய துண்டு நிலம்தான் தோட்டம். இத்தனூண்டு இடத்தில் செங்கல் பாதை, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓரமாகக் கமேலியா, சுவர் முழுக்கப் படர்ந்த அத்திக்கொடி.

இன்னொன்று, சுவரில் ஆங்காங்கே இரும்புத் தகடுகள் தெரியும். வட்டமாக, சிலுவை மாதிரி, சில வீட்டில் சிங்க முகத்தோடு. 1886 ஆகஸ்ட் 31 இரவு வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, விரிந்துபோன சுவர்களைப் பிடித்து நிறுத்த வீட்டின் ஊடாக இரும்புக் கம்பி செலுத்தி இரண்டு முனையிலும் முடுக்கினார்கள். அந்தக் கம்பியின் முனைதான் அது. ஒரு தகட்டைப் பார்த்துவிட்டு எதிர்ச் சுவரில் அதன் ஜோடியைத் தேடிப் பிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

இதெல்லாம் இன்னும் நிற்பதற்குக் காரணம் உண்டு. 1920களில் வெளியூர் அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் இந்த வீடுகளின் மரவேலைகளைப் பெயர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். டிராட் தெருவில் கர்னல் ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் இரண்டு அறைகள் அப்படியே மினியாபோலிஸுக்குப் போய்விட்டன. சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் என்ற பெண்மணி 1920இல் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். 1931இல் நகராட்சி, பழைய வட்டாரம் முழுவதையும் பாதுகாக்கும் சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் வந்தது அதுதான் முதல் முறை.

எந்த வீடு?

உண்மையான போட்டி இரண்டு வீடுகளுக்கு இடையில்தான்: மீட்டிங் தெருவில் நத்தேனியல் ரஸ்ஸல் வீடு, எலிசபெத் தெருவில் ஐக்கன் ரெட் வீடு. இரண்டும் ஒரே அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன. ஆனால் அந்த அறக்கட்டளை இரண்டையும் இரண்டு நேரெதிரான முறையில் வைத்திருக்கிறது.

ரஸ்ஸல் வீடு 1808இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய ரஸ்ஸல் ரோட் ஐலண்டிலிருந்து வந்த வணிகர். அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தவர். வீட்டின் பேரே அதன் படிக்கட்டால்தான். மூன்று மாடிக்கும் சுழன்று ஏறும் அந்தப் படிக்கட்டு பக்கத்துச் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு படியின் பாரத்தை அடுத்த படி வாங்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு மாடியிலும் செவ்வகம், முட்டை வடிவம், சதுரம் என்று மூன்று விதமான அறைகள். பழைய வண்ணப்பூச்சை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அன்று இருந்த நிறத்தையே மறுபடி பூசியிருக்கிறார்கள். தோட்டமும் சீராக வெட்டி, நேர்த்தியாக இருக்கும். அழகான வீடு வேண்டும், 1810ஆம் வருடத்துச் செல்வச் செழிப்பு கண்ணெதிரே தெரிய வேண்டும் என்றால் இதற்கு மிஞ்சியது ஊரில் இல்லை.

அதன் பின்கட்டுச் சமையல் கட்டடத்தைச் சமீப வருடங்களில் பிரித்து ஆராய்ந்தபோது, சுவருக்குள் எலிகள் சேர்த்துவைத்த கூடு கிடைத்தது. துணித் துண்டு, ஊசி, பொத்தான், அவற்றோடு எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு கிழிசல். 1740லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்த மாகாணம் இது. 1834இல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றமானது. அங்கே, அடிமைகள் வேலை செய்து படுத்துறங்கிய கட்டடத்தின் சுவருக்குள் அந்தக் காகிதம். அதை அங்கே விட்டுப்போனது யார் என்று நாள் முழுக்க யோசிக்கலாம். ரஸ்ஸல் வீட்டுக்குப் போனால் படிக்கட்டோடு நிற்காமல் இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இருந்தாலும் என் தேர்வு ஐக்கன் ரெட் வீடுதான்.

1820இல் ஒரு வணிகர் கட்டிய வீடு. 1827இல் வில்லியம் ஐக்கன் வாங்கினார். அவர் மகன், அதே பெயர்க்காரர், 1840களில் மாகாண ஆளுநரானார். ஜெஹோஸி தீவில் பெரிய நெல் பண்ணை; சுமார் 700 பேர் அங்கே அவருடைய அடிமைகள். நாட்டிலேயே பெரிய நெல் பண்ணைக்காரர்களில் ஒருவர். அவர் வீட்டை 1830களிலும் 1850களிலும் நீட்டி விரித்துக் கட்டினார், ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்த ஓவியங்களுக்கென்றே தனி அறை சேர்த்தார். பிறகு குடும்பம் சுருங்கிக்கொண்டே வந்தது, அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. 1975 வரை அதே குடும்பத்திடம் இருந்தது. 1995இல் அறக்கட்டளை வாங்கியபோது எடுத்த முடிவுதான் இந்த வீட்டைத் தனியாக நிறுத்துகிறது: புதுப்பிக்க வேண்டாம், இருக்கிறபடியே நிறுத்துவோம்.

அதனால் உள்ளே போனால் உரிந்து தொங்கும் சுவர்த்தாள், ஒரு நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறம், விரிசல் விட்ட பூச்சு, மங்கிய திரைச்சீலை. பெரிய வரவேற்பறையில் வாயுவில் எரிந்த சரவிளக்கு மட்டும் அப்படியே தொங்குகிறது. வழிகாட்டி கூடவே வர மாட்டார். காதில் ஒலிப்பதிவை மாட்டிக்கொண்டு நம் வேகத்தில் நடக்கலாம். எனக்கு இது பெரிய விஷயம். ஒரு சுவர் முன்னால் பத்து நிமிஷம் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்துவதில்லை.

ஆனால் இந்த வீட்டின் உயிர் பின்கட்டில் இருக்கிறது. கொல்லைப்பக்கம் உயர்ந்த மதிலுக்குள் இரண்டு நீண்ட கட்டடங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்றில் கீழே சமையல்கட்டும் துணி வெளுக்கும் அறையும், மேலே அடிமைகள் தங்கிய அறைகள். மற்றதில் கீழே குதிரை லாயமும் வண்டிக்கொட்டகையும், மேலே மறுபடி தங்கும் அறைகள். படியேறி அந்த அறைகளுக்குள் போக முடியும். சின்ன அறைகள்; சிலவற்றில் கணப்பு அடுப்பு. சுவரில் அன்றைய பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வாழ்ந்த சிலரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன: சாம்போ, டார்க்கஸ் ரிச்சர்ட்சன் தம்பதியும் குழந்தைகளும், ஆன் கிரெக்ஸ், தச்சு வேலை பார்த்த வில், ஜேக்கப். அந்த ஜன்னலில் நின்று பார்த்தால் பெரிய வீட்டின் பின்புறம் முழுவதும் தெரிகிறது. பெரிய வீட்டில் நின்றாலும் இந்த முற்றம் முழுவதும் தெரிகிறது. யார் யாரைக் கண்காணித்தார்கள், யார் குரல் யார் காதில் விழுந்தது என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. சமையல்கட்டின் பெரிய அடுப்புக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் உள்ள தூரத்தை நீங்களே நடந்து பாருங்கள். ஆறாமல் கொண்டுபோக எத்தனை பேர் எத்தனை தடவை ஓடியிருப்பார்கள் என்று காலுக்கே தெரியும்.

ரஸ்ஸல் வீட்டில் அந்தச் செழிப்பின் விளைவைப் பார்க்கிறோம். ஐக்கன் ரெட்டில் அது நாள்தோறும் எப்படி நடந்தது என்பதைப் பார்க்கிறோம். ஒரு வீடுதான் என்றால் எனக்கு இரண்டாவது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏசி கிடையாது. ஜூலை மதியம் அங்கே போவதைவிட ரஸ்ஸல் வீட்டுக்குப் போவதே மேல். படிகளும் அதிகம், முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப்போனால் முற்றத்தையும் கீழ்த்தளத்தையும் பார்த்தாலே போதும் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்குமே டிக்கெட் தகும்.

சர்ச் தெருவின் ஹேவர்ட் வாஷிங்டன் வீடு மூன்றாவது இடம். 1772இல் கட்டியது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தாமஸ் ஹேவர்ட் வாழ்ந்த வீடு; 1791 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு வாரம் தங்கியதால் அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. வரலாற்றுப் பாடம் படிக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைப் பரிசீலிக்கலாம். எனக்கு இந்த வீட்டில் வாஷிங்டனைவிட முக்கியமானவர் சாரா கிரிம்கே. ஹேவர்ட் குடும்பத்திடமிருந்து 1794இல் வீட்டை வாங்கிய நீதிபதியின் மகள். அடிமைகள் சூழ இங்கே வளர்ந்த சிறுமி, பெரியவளாகி வடக்கே போய், தங்கை ஆஞ்சலினாவோடு சேர்ந்து அடிமை முறைக்கு எதிராக மேடையேறினார். பின்னால் உள்ள சின்னத் தோட்டம் 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்த செடிகளை மட்டுமே வைத்து அமைத்தது. சின்னதுதான், ஆனால் கச்சிதம்.

ஜோசப் மானிகோ வீடும், கடலைப் பார்த்து நிற்கும் எட்மண்ட்ஸ்டன் ஆல்ஸ்டன் வீடும் நல்ல வீடுகள்தான். முதலாவதைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வாசலில் உள்ள சின்ன வட்டக் கோயில் மாதிரியான நுழைவு மண்டபம் வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். இரண்டாவதற்குப் போகக் காரணம் அதன் மாடித் தாழ்வாரமும் துறைமுகக் காட்சியும். 1861 ஏப்ரலில் துறைமுகத்தில் உள்ள சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்து உள்நாட்டுப் போர் தொடங்கியதைத் தெற்குப் படையின் தளபதி போரிகார்ட் அங்கிருந்துதான் பார்த்தார். அந்தப் போரின் வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்கள் விட்டுவிடலாம்.

எந்தத் தோட்டம்?

பெரிய தோட்டங்கள் ஊருக்குள் இல்லை. அஷ்லி ஆற்றின் கரையோரமாக 61ஆம் நெடுஞ்சாலையில் போக வேண்டும். இருபுறமும் ஓக் மரங்கள் கைகோத்து, கிளையிலெல்லாம் சாம்பல் நிற ஸ்பானிஷ் மாஸ் தொங்கும் சாலை அது. பத்து மைலில் டிரேட்டன் ஹால், அதை ஒட்டியே மேக்னோலியா, இன்னும் சற்றுத் தள்ளி மிடில்டன் பிளேஸ்.

மேக்னோலியாவுக்கும் மிடில்டனுக்கும் இடையில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். இரண்டும் பண்ணைத் தோட்டம்தான், ஆனால் குணம் வேறு. மிடில்டன் 1741இல் தொடங்கிய தோட்டம். அமெரிக்காவில் திட்டமிட்டு வடிவமைத்த தோட்டங்களில் மிகப் பழையது என்று பெயர். நேர்கோடு, கோணம், சமச்சீர் என்று அன்றைய ஐரோப்பிய முறை. மேக்னோலியாவை டிரேட்டன் குடும்பம் 1676லிருந்து வைத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் தோட்டம் 1840களில் ஜான் கிரிம்கே டிரேட்டன் என்ற பாதிரியார் தன் மனைவிக்காக உருவாக்கியது. வளைந்து போகும் பாதை, கறுத்த சதுப்புநீர், அதன் மேல் வெள்ளை மரப்பாலம், தண்ணீரில் கவிழ்ந்து தெரியும் அசேலியா. மேலே சொன்ன சாரா கிரிம்கேயின் அண்ணன் மகன்தான் அந்தப் பாதிரியார். அத்தைகள் அடிமை முறையை எதிர்த்து ஊரை விட்டுப் போனார்கள். மருமகன் அடிமைகளைக் கொண்டு தோட்டம் போட்டார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் நடந்த காலம் அது.

மார்ச் கடைசி வாரத்தில் போகிறீர்கள், வண்ணம்தான் வேண்டும் என்றால் நான் வாதாட மாட்டேன், மேக்னோலியாவுக்கே போங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் அசேலியா பூத்துக் குலுங்குவதுபோல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சின்னக் குழந்தைகளுக்கும் நடக்க முடியாத பெரியவர்களுக்கும் அதுவே வசதி. வண்டியில் உட்காரவைத்துப் பண்ணையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அடிமைகள் வாழ்ந்த மரக் குடிசைகளின் வரிசையையும் தவறவிடாதீர்கள். 1850களிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரை ஒவ்வொரு குடிசையையும் ஒவ்வொரு காலத்துக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகும் அதே குடிசைகளில் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள் என்பது அங்கேதான் உறைக்கிறது. அடிமையாக இருந்து பிறகு தோட்டத்தின் மேற்பார்வையாளரான ஆடம் பென்னெட் போன்றவர்கள் இல்லாவிட்டால், 1870இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட அங்கே தோட்டம் என்று ஒன்று மிஞ்சியிருக்காது.

வருடத்தின் மற்ற நாட்களுக்கு என் விடை மிடில்டன் பிளேஸ். பூ இல்லாத நாளிலும் அங்கே தோட்டம் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தோட்டத்தின் அடிப்படை மண்ணை வெட்டிக் கொட்டி உண்டாக்கிய வடிவம். வீடு இருந்த மேட்டில் நின்று ஆற்றைப் பாருங்கள். புல் போர்த்திய அகலப் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. கீழே இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரே அளவில் இரண்டு ஏரிகள், நடுவில் புல்பாதை, அதற்கப்பால் ஆறு. நூறு அடிமைகள் பத்து வருடம் மண் வெட்டி இதை அமைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மண்வெட்டியும் கூடையும் மட்டுமே. அந்தச் சரிவின் விளிம்பு இன்றும் கோடு போட்டதுபோல இருக்கிறது. அதைப் பார்க்கும்போது ஹென்றி மிடில்டனை நான் நினைப்பதில்லை, கூடையைத் தலையில் தூக்கியவர்களைத்தான் நினைக்கிறேன்.

ஏரிக்குப் பக்கத்தில் இறங்கினால் ஒரு சின்ன நெல்வயலைப் பார்க்கலாம். கரோலைனா கோல்ட் என்ற பழைய ரகத்தைச் செய்முறைக்காகப் பயிரிட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியின் நெல் சாகுபடி கடலின் ஏற்ற இறக்கத்தை நம்பியது. கடல் பொங்கும்போது ஆற்றின் நன்னீர் மேலெழும். கரையில் வைத்த மர மதகைத் திறந்து அதை வயலுக்குள் விடுவார்கள். வற்றும்போது எதிர்ப்பக்க மதகைத் திறந்து வடியவிடுவார்கள். உப்புநீர் உள்ளே வந்துவிட்டால் பயிர் போயிற்று. இந்தத் தொழில் நுணுக்கம் மேற்கு ஆப்பிரிக்க நெற்பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் கையில் இருந்தது. மடையும் வரப்பும் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த வயலோரம் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பார்கள். ஐக்கன் ரெட்டில் பார்த்த வீடு, சரவிளக்கு, ஓவிய அறை எல்லாமே இந்தப் பயிரிலிருந்து வந்ததுதான்.

பெரிய வீடு இப்போது இல்லை. உள்நாட்டுப் போரில், 1865 பிப்ரவரியில் வடக்குப் படை எரித்தது. எஞ்சி நின்ற சுவர்களை 1886 நிலநடுக்கம் சாய்த்தது. செங்கல் குவியலாகக் கிடக்கிறது. பக்கவாட்டில் 1755இல் விருந்தினருக்காகக் கட்டிய பகுதி மட்டும் தப்பி, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். அதை விட்டுவிட்டு, தோட்டத்து டிக்கெட்டிலேயே பார்க்கக்கூடிய எலைசாவின் வீட்டுக்குப் போங்கள் என்பேன். விடுதலைக்குப் பிறகு கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த எளிய மரவீடு அது. மிடில்டன் குடும்பத்துக்கு அடிமையாக இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் உள்ளே சுவரில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் சிலருக்கு வயது, சிலருக்கு விலை.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் மிடில்டனின் கமேலியாவுக்காகவே போகலாம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆந்திரே மிஷோ 1786இல் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்லப்படும் செடிகளில் தொடங்கிய மரபு. குளிர்காலத்தில் கூட்டமும் இல்லை, கொசுவும் இல்லை.

டிரேட்டன் ஹாலைத் தோட்டக் கணக்கில் சேர்க்க முடியாது. 1738இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ ஒருபோதும் ஏறாமல், மேஜை நாற்காலி எதுவும் இல்லாமல் வெறுமையாக நிற்கிறது. கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் ஐக்கன் ரெட்டுக்குப் பதிலாகவோ கூடவோ இதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு வெற்று அறைகள் அலுப்பூட்டும். பூன் ஹால் என்ற இன்னொரு பண்ணை பற்றியும் கேட்பார்கள். 1743இல் நட்ட ஓக் மரச் சாலையும் ஒன்பது செங்கல் குடிசைகளும் பார்க்க வேண்டியவை. வீடு 1936இல் கட்டியது. அதற்காக அரை நாள் கொடுக்க எனக்கு மனம் வராது.

காசில்லாத தோட்டங்கள்

டிக்கெட் செலவே வேண்டாம் என்றாலும் இந்த ஊரில் தோட்டம் பார்க்க வழியிருக்கிறது. பிராட் தெருவுக்குத் தெற்கே எந்தச் சந்தில் நுழைந்தாலும் இரும்புக் கதவின் இடைவெளியில் ஒரு தோட்டம் தெரியும். இந்தச் சின்னத் தோட்டங்களுக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லூட்ரல் பிரிக்ஸ் என்ற வடிவமைப்பாளர். நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை இந்த ஊரில் மட்டும் அமைத்தார். கதவுகள் பலவும் ஃபிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர் அடித்தவை. 2009இல் 97 வயதில் மறைந்த அவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கதவுகளையும் கிராதிகளையும் இந்த ஊருக்குச் செய்து கொடுத்திருக்கிறார். ஆன்சன் தெருவில் ஒரு தேவாலயத்தின் பக்கத்தில் அவர் பெயரில் தோட்டமே இருக்கிறது. அங்கே ஆரம்பித்தால் அப்புறம் எந்தத் தெருவிலும் கதவைப் பார்க்காமல் நகர மாட்டீர்கள்.

அதற்கடுத்து கேட்வே வாக். 1930இல் திறந்த நடைபாதை; தேவாலய மயானங்கள், முற்றங்கள் வழியாக ஊருக்குக் குறுக்கே போகிறது. யூனிட்டேரியன் தேவாலயத்தின் மயானத்தில் மட்டும் செடிகளை வெட்டுவதில்லை. கல்லறைகளுக்கு நடுவே தன் போக்கில் வளர்ந்து நிற்கின்றன. நன்றாக வெட்டித் திருத்திய தோட்டங்களைப் பார்த்துவிட்டு இங்கே வரும்போது மனசு ஆறுகிறது.

கூப்பர் ஆற்றங்கரையில், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்க நேரமில்லை என்றாலும், அதன் கீழுள்ள நினைவுத் தோட்டத்துக்குப் போகலாம். கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டி, அந்த மண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள். தரையில் மனித உருவங்கள் நெருக்கி நெருக்கிப் படுத்திருப்பதுபோலப் பதித்திருக்கிறார்கள். அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிய மாதிரி. மெல்லிய நீர் அவர்கள் மேல் ஏறுகிறது, பிறகு வடிகிறது. என் கணக்கில் சார்ல்ஸ்டனின் தோட்டங்களில் இதற்கு முதலிடம். முடிந்தால் பயணத்தை இங்கேயே தொடங்குங்கள். மற்ற இடங்களெல்லாம் அதற்குப் பிறகு வேறு மாதிரி தெரியும்.

எப்போது, எப்படி?

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மக்கள் வாழும் தனியார் வீடுகளையும் தோட்டங்களையும் திறந்துவிடும் வசந்தகாலத் திருவிழா 1947 முதல் நடக்கிறது. அருங்காட்சியக வீட்டுக்குப் பதில் இதற்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். எந்தத் தெரு, எந்த வீடு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், கட்டணமும் கூடுதல். ஏற்கெனவே ஊரைச் சுற்றியவர்கள், தோட்டம் போடும் பைத்தியம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். அந்தச் செங்கல் மதிலுக்குப் பின்னால் காலை வைக்க வேறு வழி இல்லை. இதற்கும் மார்ச் மாத ஹோட்டலுக்கும் சில மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஏப்ரல் கடைசி நல்லது. அசேலியா முடிந்திருக்கும், ஆனால் மதில்களெல்லாம் மல்லிகை வாசம் அடிக்கும் வெள்ளைப் பூங்கொடி படர்ந்திருக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வெயிலும் ஈரப்பதமும் சென்னையை ஒத்தவை. காலை பத்து மணிக்குள் தோட்டத்தை முடித்துவிட்டு, மதியம் ஏசி உள்ள வீட்டுக்குள் போய்விட வேண்டும். அந்த ஒரு பருவத்தில் மட்டும் என் தேர்வு மாறும்: காலையில் மிடில்டன், மதியம் ரஸ்ஸல் வீடு.

அக்டோபர் எனக்கு மிகவும் பிடித்த மாதம். ஆஸ்மந்தஸ் பூத்து, செடி கண்ணில் படாமலே தெருவெல்லாம் மணக்கும். வெக்கை தணிந்து ஐக்கன் ரெட் வீட்டில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இலையுதிர் காலத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் உயர்ந்து, மழையே இல்லாமல் தெருக்களில் தண்ணீர் ஏறுவது உண்டு. கிளம்புமுன் கடலேற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரேற்றம் உள்ள நாளென்றால் காரைத் தெருவோரம் விடாமல் மாடிப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நடங்கள். அந்த நேரத்தை ஊருக்குள் வைக்காமல் மிடில்டனுக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது.